பேர் தெரியாத பார்ட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமை பகலவன் பாயை விட்டு எழும்போதே ஒரு பெரிய முடிவோடு எழுந்தான். இன்றைக்கு வண்டி ஓடாது.

வண்டிக்கு ஒரு கோளாறும் கிடையாது. திருவொற்றியூர் வீட்டுக்கும் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற கன்டெய்னர் யார்டுக்கும் நேற்றுவரை ஒரு முனகல் இல்லாமல் போய்வந்த வண்டிதான். ஆனாலும் ஓடக்கூடாது. ஓடினால் பொண்டாட்டி சிவந்தியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கத்திவாக்கத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போயாக வேண்டும். மச்சான் மீன்பிடிப் படகுக்குப் புது இன்ஜின் வாங்கியிருக்கிறான். பூஜை. படகுக்குப் புதுசாக எது வந்தாலும் வீட்டு மாப்பிள்ளைதான் பூசணிக்காய் உடைக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம். உடைத்துவிட்டு ஓடிவந்துவிட முடியாது. சாப்பாடு போடுவார்கள். சாப்பிட்ட மாப்பிள்ளையை மாமனார் பக்கத்தில் உட்காரவைத்து, தான் கடலில் பார்த்த புயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவார். புயல் ஓய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

சாயங்காலம் ராயபுரத்தில் கேரம் இறுதிப் போட்டி. இரட்டையர் ஆட்டம். பகலவனும் அவன் தோஸ்து மெக்கானிக் வசீமும் ஒரு ஜோடி.

இதை வீட்டில் சொல்லிவிட்டுப் போக முடியாது. பகலவன் கேரத்தை விட்டொழித்துவிட்டான் என்று வீட்டில் நினைப்பு. போன வருஷம் ஆட்ட மும்முரத்தில் மகள் மகிழினியை டியூஷனிலிருந்து கூட்டிவர மறந்துபோனான். கூட்டி வா என்று சிவந்தி சொன்னபோது "ம்" என்றுதான் சொல்லியிருந்தான். குழந்தை டீச்சர் வீட்டிலேயே சாப்பிட்டுத் தூங்கியும் விட்டது. சிவந்தி கத்தவில்லை. புருஷனை நேரே எண்ணூர் முகத்துவாரத்துக்கு அழைத்துப்போய், "அந்த ஸ்ட்ரைக்கர தூக்கித் தண்ணில போடு" என்றாள். அவனும் கண் கலங்கத் தூக்கிப் போட்டான். தண்ணீரில் விழுந்தது ஒரு க்ரீம் பிஸ்கட். கேரம் காயினை அடிக்கிற அந்த வட்டமான ஸ்ட்ரைக்கர் பேன்ட் பாக்கெட்டில் பத்திரமாக இருந்தது.

அந்த ஸ்ட்ரைக்கர் இல்லாவிட்டால் அவனுக்கு விரல் ஓடாது. அதை வைத்துத்தான் அத்தனை இறுதிப் போட்டிக்கும் வந்திருக்கிறான். ஒன்றில்கூட ஜெயித்ததில்லை, அது வேறு விஷயம். வீட்டில் இருப்பதெல்லாம் இரண்டாம் பரிசுக் கப்புகள். ஒன்றில் சிவந்தி புளி போட்டு வைத்திருக்கிறாள், ஒன்றில் காய்ந்த மிளகாய், இன்னொன்றில் துவரம் பருப்பு. "சக்கரைக்குத்தான் இன்னும் ஒயுங்கா ஒரு டப்பா இல்ல" என்று அடிக்கடி குறைப்படுவாள். ஒரே ஒரு தடவை முதல் பரிசுக் கப்பைத் தூக்க வேண்டும். அதில் யாரும் எந்த மளிகையும் போடாதபடி டிவி பக்கத்தில் வைக்க வேண்டும். பகலவனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசை இல்லை.

வீட்டில் சிவந்தியின் கை படாத இடம் கிடையாது. அதனால் ஸ்ட்ரைக்கரைப் பழைய சாக்ஸில் சுருட்டி, வண்டியின் பெட்ரோல் டேங்குக்கு அடியில், ஒயரோடு ஒயராக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருந்தான். இன்றைய திட்டமும் அங்கேதான் ஆரம்பம். விடியற்காலையில் போய், ஸ்பார்க் பிளக்கின் தலையில் இருக்கிற கறுப்புத் தொப்பியை லேசாகத் தூக்கிவிட்டான். பார்த்தால் மாட்டின மாதிரியே இருக்கும். கரன்ட் போகாது. சிவந்தி ஷேர் ஆட்டோவில் கிளம்பிவிடுவாள். அப்புறம் தொப்பியை அமுக்கி, ஸ்ட்ரைக்கரை எடுத்து, நேரே ராயபுரம்.

சிவந்தி பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாக வெளியே வந்தபோது பகலவன் வண்டியை உதைத்து உதைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமா, இன்னும் கெளம்பலியா?"

"வண்டி பேஜாரு பண்ணுதுடி."

"நேத்து நல்லாத்தானே ஓடிச்சி."

"நேத்து நல்லா இருந்த மன்சன் இன்னிக்கி படுத்துக்கறது இல்லியா? இன்ஜின் வேல. நாள் பூரா ஆவும். நீ ஒண்ணு பண்ணு, ஷேர் ஆட்டோல பூடு."

"பூசணிக்கா யாரு ஒடைக்கறது? ஷேர் ஆட்டோ டிரைவரா?"

பகலவன் தலையைச் சொறிந்தான்.

"வசீம் அண்ணனுக்கு ஒரு போன் போடு. வந்து பாக்கட்டும்."

"ஐய, அவன் வூட்ல இன்னிக்கி எதோ விசேஷம். வரமாட்டான்."

"அப்ப நீயே கயட்டு. நான் கூட குந்திக்கினு கீறேன்."

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. சிவந்தி ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். மகிழினி முந்தின நாளே பாட்டி வீட்டுக்குப் போய்விட்டதால் அவளுக்கு வேறு வேலையும் இல்லை. பகலவனுக்கு உதார் விட்டே ஆகவேண்டிய நிலைமை. சீட்டைக் கழற்றினான். பக்கத்து மூடியைக் கழற்றினான். தேவையில்லாத ஒரு நட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினான்.

மாடிவீட்டுத் தங்கபுஷ்பம் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். காசிமேட்டில் மீன் எடுத்து ராயபுரம் பக்கம் விற்கிறவள்.

"இன்னா தம்பி, ஞாயித்துக்கெழமையும் அதுவுமா வண்டிய பிரிச்சிப் போட்டுக்கினு கீற? ராயபுரம் பக்கம் போவலியா?"

பகலவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. "ராயபுரத்துல எனக்கு இன்னாக்கா வேல?"

"சும்மா கேட்டேன்பா" என்று தங்கபுஷ்பம் சிவந்தியைப் பார்த்துச் சிரித்தாள். சிவந்தி பூவைச் சரிசெய்துகொண்டாள்.

"மாமா, டேங்கையும் கயட்டிப் பாரேன்."

"டேங்கு வேணாம்."

"ஏன் வேணாம்?"

அப்புறம் டேங்கைக் கழற்ற வேண்டியதாகிவிட்டது. உடம்பால் மறைத்துக்கொண்டு சாக்ஸை உருவிவிடலாம் என்று நினைத்தான். ஒரு வருஷம் இன்ஜின் சூட்டில் வெந்த ரப்பர் பேண்டு அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. டேங்கைத் தூக்கினதும் அறுந்தது. சாக்ஸ் தொங்கியது. அதன் வாயிலிருந்து ஸ்ட்ரைக்கர் உருண்டு, இன்ஜின் பின்னால் எங்கேயோ போய் டொக்கென்று உட்கார்ந்தது.

"இன்னா உயுந்துச்சி?"

"ஒண்ணியும் இல்ல. ஒரு பார்ட்டு."

"இன்னா பார்ட்டு?"

"இன்ஜின் பார்ட்டு."

"அதுக்குப் பேரு கெடையாதா?"

"கீது. ஜப்பான்காரன் வச்ச பேரு. உன் வாய்ல நுழையாது."

சிலிண்டருக்குப் பின்னால், கார்புரேட்டருக்குக் கீழே, ஒரு சந்து. வண்டியைச் செய்தவன் எந்த மனுஷன் கையையும் நினைத்து அந்தச் சந்தை விடவில்லை. பகலவன் இந்தப் பக்கமாகக் கையை விட்டான். விரல் முட்டியோடு நின்றது. அந்தப் பக்கமாக விட்டான். தோல் உரிந்தது. கம்பியை வளைத்து விட்டான், கம்பி உள்ளே மாட்டிக்கொண்டது. அதை எடுக்க சைக்கிள் ஸ்போக்ஸை விட்டான். கார்புரேட்டரைக் கழற்றினால் வழி கிடைக்கும். ஆனால் அதைக் கழற்றி மாட்டினால் பொய்யாகச் சொன்ன நாள் பூராவும் நிஜமாகவே ஆகிவிடும். கடைசியில் பழைய ஸ்பீக்கரிலிருந்து பிடுங்கின காந்தத்தை நூலில் கட்டி இறக்கினான். கம்பியும், பொங்கலுக்குத் தொலைந்த ஒரு நட்டும் ஒட்டிக்கொண்டு மேலே வந்தன. ஸ்ட்ரைக்கர் வரவில்லை.

"இன்ஜின் பார்ட்டுன்னா இரும்புதானே? காந்தம் ஏன் ஒட்டல?"

"இது வேற மாரி இரும்பு."

"ஜப்பான் இரும்பா?"

பகலவன் சந்துக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே கிடப்பது வெறும் ஸ்ட்ரைக்கர் இல்லை, இந்த வருஷத்துக் கப்பு. அழுகை வருகிற மாதிரி இருந்தது. சிவந்தி எழுந்தாள்.

"நவுரு."

இங்கே பகலவன் ஒன்றை மறந்துபோனான். சிவந்தி கத்திவாக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முன்னால் உப்பங்கழியில் இடுப்பளவு தண்ணீரில் நகர்ந்து நகர்ந்து, சேற்றைத் தடவி வெறுங்கையால் இறால் பிடித்தவள். அங்கே கண்ணுக்கு வேலை கிடையாது. கல் எது, கிளிஞ்சல் எது, இறால் எது என்று விரல்தான் சொல்ல வேண்டும். நண்டு என்று விரல் சொன்னால் சொன்ன மாத்திரத்தில் எடுத்துவிடவும் வேண்டும்.

வளையல்களைக் கழற்றி அவன் கையில் கொடுத்தாள். முந்தானையைச் செருகிக்கொண்டு குந்தினாள். கண்ணை மூடிக் கையை விட்டாள். மணிக்கட்டு போயிற்று. முழங்கை வரைக்கும் போயிற்று.

"ஆம்ட்டுச்சா?"

"இரு. தடவிக்கினு கீறேன்."

"வட்டமா, வழவழன்னு..."

"பேருதான் தெரியாது, வடிவம் நல்லாத் தெரியுதே உனக்கு."

சிவந்தியின் புருவம் ஒரு முறை ஏறி இறங்கியது.

"ஒண்ணியும் இல்ல. ஒரே கலீஜ்" என்று கையை உருவி, அவன் தோளில் கிடந்த துண்டை இழுத்து அதிலேயே துடைத்துச் சுருட்டிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு மாமா. தோ, இந்தக் கறுப்புத் தொப்பி லூசா கீது." டக்கென்று அமுக்கினாள். "டேங்க மாட்டு. ஒத."

ஒரே உதையில் வண்டி கிளம்பியது. "சிவந்தி கைராசியே தனி" என்றாள் மாடியிலிருந்து தங்கபுஷ்பம்.

கத்திவாக்கம் போய்ச் சேர்ந்ததும் பகலவன் வயிற்றெரிச்சலை எல்லாம் பூசணிக்காயில் காட்டினான். ஒரு துண்டு பறந்துபோய் மாமனார் மடியில் விழுந்தது. மாப்பிள்ளைக்கு என்ன ஒரு பலம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். வஞ்சிரக் குழம்போடு சாப்பாடு முடிந்தது. மாமனார் வெற்றிலையை மடித்தபடி, "அந்த வருசம் ஒரு காத்து அடிச்சிது பாருங்க மாப்ள" என்று முதல் புயலுக்குப் படகை இறக்கினார்.

பகலவன் எழுந்தேவிட்டான். "மாமா, வண்டில எதோ சத்தம் வருது. வசீம் கடைல காட்டிட்டு வந்துடறேன்."

"வசீம் அண்ணன் வூட்ல விசேஷம்னியே?" என்றாள் சிவந்தி.

"அது மத்தியானத்தோட முடிஞ்சிடும்."

சிவந்தி உள்ளே போய்ச் செய்தித்தாளில் மடித்த ஒரு பொட்டலத்தோடு வந்து, அவன் சட்டைப் பாக்கெட்டில் தானே வைத்தாள். "பூஜ விபூதி. தேங்காச் சில்லும் கீது. வசீம் அண்ணன் கடைல வண்டிய நிறுத்தினவொடனே, எதுலயும் கைய வெக்கறதுக்கு முன்னாடி, இத்த பிரிச்சி நெத்தில வச்சிக்கோ. இன்னா?"

"ம்" என்றான் பகலவன்.

வழியெல்லாம் அவனுக்குச் சிவந்தியை நினைத்துக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. இப்படி நம்புகிறாளே என்று.

ராயபுரத்தில் வசீம் கடைக்கும் கேரம் கிளப்புக்கும் ஒரே வாசல். அந்த வாசலுக்கு மேலே ஒரு பேனர். அதில் பகலவன் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரித்தான். கீழே 'கேரம் புயல்' என்று எழுதியிருந்தது.

"டேய், போட்டோ போடாதன்னு சொன்னேனேடா."

"உங்க வூட்லதான் இந்தப் பக்கம் வர்றதே இல்லியே மாமு. அத்த உடு, ஸ்ட்ரைக்கர் எங்க?"

"இன்ஜினுக்குள்ள."

வசீம் ஸ்பேனரை எடுத்தான். டேங்க் இறங்கியது. கார்புரேட்டர் கழன்றது. செல்போன் டார்ச்சை அடித்துக் கிளப்பே குனிந்து பார்த்தது. வண்டியைச் சாய்த்துக் குலுக்கினார்கள். ஒரு பழைய சாக்ஸ் விழுந்தது. அவ்வளவுதான். உள்ளே பேர் கூப்பிட்டுவிட்டார்கள்.

யாரோ ஒருத்தனுடைய ஸ்ட்ரைக்கரை இரவல் வாங்கி ஆடினான் பகலவன். அது அவன் விரலுக்கு அடங்கவில்லை. அப்படியும் கடைசி போர்டு வரை இழுத்துவந்து சிவப்புக் காயினையும் போட்டுவிட்டான். அது செல்லுபடியாக இன்னொரு காயினை ஃபாலோ போட வேண்டும். குழி வாயில் காயின் உட்கார்ந்திருந்தது, ஊதினால் விழும். அடித்தான். காயின் நின்றது, ஸ்ட்ரைக்கர் விழுந்தது.

கையில் ஒரு கப்பைக் கொடுத்துப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். பகலவன் வெளியே வந்து, பரத்திப் போட்டிருந்த வண்டியின் நடுவே உட்கார்ந்தான். தலைக்கு மேலே பேனரில் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். போன் அடித்தது.

"மாமா, விபூதி வச்சிக்கினியா?"

"இன்னா விபூதி?"

"பிரிச்சி நெத்தில வச்சிக்கோன்னு சொன்னேனே. நீயும் ம்-னியே."

அவன் பாக்கெட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். விபூதி, குங்குமம், ரெண்டு மல்லிகை. தேங்காய்ச் சில்லு இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், சோப்புப் போட்டுக் கழுவி, சந்தனப் பொட்டு வைத்து, அவன் ஸ்ட்ரைக்கர்.

"இன்ஜின் பார்ட்டு கரீட்டா கீதா மாமா?"

"உனக்கு எப்டிடி..."

"தங்கபுஷ்பம் அக்கா தெனம் உன் பேனர் கீழதான் கூடைய எறக்கி வக்கிது. அப்பறம், அன்னிக்கி மொகத்துவாரத்துல நீ போட்டியே, அத்த மீன் வந்து கொத்திக்கினு போச்சி. ஸ்ட்ரைக்கர மீன் துன்னுமா?"

"தெரிஞ்சே ஏன்டி குடுத்த?"

"இன்னா பண்றது? ஒரு ஆட்டம் ஆடறதுக்கு வண்டியவே பிரிச்சிப் போட்டுட்டு, அழுவுற மாரி குந்திக்கினு இருந்த. பாத்தா பாவமா இருந்துச்சி. போய்த்தொலையட்டும், இந்த வாட்டியாவது ஜெயிக்கட்டும்னு அண்ணன் படகு இன்ஜின் மேல வச்சி பூஜ பண்ணிக் குடுத்தேன். ஜெயிச்சியா?"

பகலவன் மடியிலிருந்த கப்பைப் பார்த்தான். "ரெண்டாவது" என்றான்.

அந்தப் பக்கம் மாமனாரின் புயல் தூரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"சரி, பத்திரமா எடுத்துனு வா" என்றாள் சிவந்தி. "சக்கரைக்கு ஆச்சி."