இருபது இடத்து நீச்சல் பரணி

வாழ்க, இருதிரைக் கோமான்! வாழ்க, விசைப்பலகை வேந்தன்! இடுப்புக்கு மேலே இஸ்திரிச் சட்டையும் கீழே அரைக்கால் சட்டையுமாய்க் காணொளிக் கூட்டங்களில் கொலுவீற்றிருக்கும் மேலாடைச் சக்கரவர்த்தி, "என் கம்ப்யூட்டர்ல ஓடுதே" என்னும் ஒற்றை மந்திரத்தால் எப்பேர்ப்பட்ட பழியையும் உதறித் தள்ளவல்ல இணையதளச் சிற்பி, வாழ்க வாழ்க! அப்பெருமகன் வேறு யாருமல்லன். இதை எழுதும் அடியேன்தான். என் புகழைப் பாட எவரும் முன்வராமையால், பாட்டுடைத் தலைவனும் பாடுபவனும் நானே ஆக நேர்ந்தது. மின்சாரமே, நடுவில் போய்விடாதே! வைஃபையே, மூன்று கோடும் குறையாது நின்று காத்தருள்!

எங்கள் பகுதி நீச்சல்குளத்துக்கு இணையதளம் கட்டிக்கொடுத்தவன் நான். அன்று சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிறுவர் நீச்சல் வகுப்புக்கான பதிவு அத்தளத்தில் திறக்கவிருந்தது. இடங்கள் இருபது, அவற்றின்மேல் கண்வைத்த பெற்றோரோ எண்ணிலடங்கார். ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு என் கழுகுக் கண்ணில் ஒரு கொடுமை பட்டது. 'பதிவு செய்' என்னும் பொத்தான், இருக்கவேண்டிய இடத்திலிருந்து இரண்டே இரண்டு பிக்சல் புள்ளி இடப்பக்கம் விலகி நின்றது. மனைவி புதுக்கண்ணாடி போட்டு ஒரு வாரமாகியும் அதைக் காணாத அதே கண், இரண்டு புள்ளி விலகலைப் பொறுக்குமோ? பொங்கினேன், திருத்தினேன், எவரையும் கேளாமல், எதையும் சோதியாமல், ஐந்து நிமிடம் மிச்சமிருக்கையில் அதை உலகுக்கு ஏவினேன்.

என் திரையில் அப்பொத்தான் நிறைமதிபோல் நடுவே நின்றது. மற்றோர் திரைகளிலோ, "இத்தளம் குக்கி வைக்கும், சம்மதமா?" என்று கேட்கும் பலகை ஒன்று ஆழியலைபோல் எழுந்து பொத்தானை விழுங்கி, 'சம்மதம்' என்று அழுத்தவேண்டிய இடத்தையும் திரைக்கு வெளியே தள்ளிவிட்டது. நான் ஏன் காணவில்லை? அத்தகைய பலகைகள் மனிதகுலத்துக்கே இழைக்கப்படும் அவமானம் என்பது என் நெடுநாள் கருத்து. ஆதலால் என் கணினியில் அவை தலைகாட்டாதபடி என்றோ தடுத்துவைத்திருந்தேன். பிறருக்கு நட்டது நானேயாயினும், நான் நட்டதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

கருத்துகள் எனக்கு அவ்வொன்றோடு நில்லா. குளிர்பதனப் பெட்டிக்கு இணையம் எதற்கு என்பதில் ஒரு கருத்து, தானாய் வந்து தானாய் மறையும் உதவிச் சன்னல்கள்பால் ஒரு சீற்றம், பதினைந்து நிமிடம் என்று கூட்டி ஒன்றரை மணி நேரம் நடத்தும் கூட்டங்கள்மேல் தீராப்பகை. சென்ற முறை என் மகளுக்கு நீச்சல் வகுப்பு கைநழுவியதற்குக் காரணமும் கூட்டமே. கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்னும் கூட்டம். அன்று அவள் அழவில்லை. குளியலறை வாளிக்குள் முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கப் பழகினாள். நாற்பது வரை எண்ணுவாள். "இந்தத் தடவ கண்டிப்பா. அப்பா செஞ்ச சைட்டும்மா" என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எட்டு வயதுக்காரி அதை நம்பி, விடிந்ததிலிருந்து நீச்சல் கண்ணாடியைக் கழற்றாமல், தவளைபோல் விழித்துக்கொண்டு என் தோளருகே நின்றாள்.

பத்து மணி முழங்கிற்று. கோட்டை வாயிலில் கடவுச்சொல் என்னும் காவல்பூதம் வழிமறித்தது. பன்னிரண்டுக்குக் குறையாத எழுத்து, அவற்றுள் ஓர் எண், ஒரு குறி, பழைய ஐந்தில் எதுவும் ஆகாது என்று அப்பூதத்துக்கு விரதம் கற்பித்தவன் நானே. முதல் வாள் வீசினேன், முறிந்தது. இரண்டாவது மகளின் பிறந்தநாளோடு வியப்புக்குறி சேர்த்து வீசினேன்; அதுவும் முறிந்தது. மூன்றாவதும் முறிய, பத்து ஆறுக்கு இரும்புக்கதவு இறங்கிற்று: 'முப்பது நிமிடம் கழித்து முயலவும்.'

"நீங்க செஞ்சதுதானேப்பா? உங்களையே உள்ள விடலையா?"

"பாதுகாப்பும்மா."

"யார்கிட்டேருந்து?"

கணக்குப் பூட்டை உடைக்கும் சாவி உன்னிடம் இராதோ என்பீர். கட்டியவன் கையில் சாவி இருத்தல் தகாது என்று சபை நடுவே முழங்கி, கைதட்டல் வாங்கி, அதைக் குளத்து நிர்வாகத்திடமே கொடுத்துவிட்டு வந்தவன் நான். புதுக்கணக்குத் தொடங்கலாமே என்பீர். ஒரு வீட்டுக்கு ஒரே கணக்கு என்று விதித்தவனும் நானே. குளத்துக்குத் தொலைபேசினேன். எல்லா விவரமும் இணையதளத்தில் உள்ளது என்று ஒரு குரல் கனிவாய்ச் சொல்லி இணைப்பைத் துண்டித்தது. அக்குரல் என்னுடையது. குரலைப் பதிவு செய்ய ஆள் கிடைக்காதபோது நானே பேசிக்கொடுத்திருந்தேன்.

ஆயினும் துவண்டேனில்லை. மடிக்கணினியைத் தோளில் மாட்டி, மகளை விரலில் பற்றி, இரண்டு தெருவைப் புயலெனக் கடந்து, பத்து பதினாறுக்குக் குளத்து வாயிலை அடைந்தேன். அங்கே கவுன்ட்டர் முன் நின்றது பெற்றோர் பெரும்படை. பதினான்கு பேர், ஆளுக்கொரு கைபேசியைக் கேடயமாய் ஏந்தி. உள்ளே எழுத்தர் அம்மையார், அலுவலகத்துக்கென்று தனியாய் நான் கட்டிய பக்கத்தில், பத்தொன்பது கட்டம் கொண்ட படிவத்தை ஒவ்வொருவருக்காய் நிரப்பிக்கொண்டிருந்தார். அப்பத்தொன்பதும் என் கைவண்ணம். தலைக்கு மேலிருந்த பலகையில் 'மீதி இடம்: 16' என்று எரிந்தது.

"அப்பா, இடம் கெடைக்குமா?"

"அநேகமா."

"அப்படின்னா?"

"பாக்கலாம்."

எனக்கு முன்னே நின்றவர் இரட்டைப் பிள்ளைகளின் தாய். இரண்டும் அவர் காலைச் சுற்றி ஓடின. "எல்லாத்தையும் போட்டு முடிச்சுட்டேங்க. சம்மதமா சம்மதமான்னு கேக்குது, சம்மதிக்கலாம்னா பட்டனக் காணோம்! யாருங்க இத செஞ்சது?"

அவருக்கும் முன்னே, கதவகலத் தோள்கொண்ட ஒருவர் திரும்பினார். "யாரா இருந்தா என்ன? கையில மாட்டுனா அப்படியே தூக்கிக் குளத்துல போட்டுரலாம். ஆழமான பக்கமாப் பாத்து."

"ஆமாங்க. பொறுப்பே இல்லாத ஜென்மம்" என்றேன் நான். வீரத்தில் இதுவும் ஒரு வகை.

மனத்துக்குள் போர்க்கணக்கு ஓடிற்று. முன்னே பதினான்கு பேர். இரட்டையருக்கு இரண்டு என்று கொண்டால் பதினைந்து இடம். பதினாறாவது என் மகளுக்கு. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திற்று! நான் செய்யவேண்டியது யாதொன்றுமில்லை. வாய் திறவாமல், விரல் அசையாமல், வெறுமனே நின்றால் போதும். என் வாழ்நாளிலேயே எளிய வெற்றி அது. ஆனால் இரட்டையருள் ஒன்று கொட்டாவி விட்டு, "எப்பம்மா தண்ணிக்குள்ள போவோம்?" என்று கேட்க, அந்தத் தாய் நிரப்பி முடித்த படிவத்தையே ஒன்பதாம் முறையாய்த் தேய்த்துக்கொண்டிருந்தார். என் காது சிவந்தது.

அக்கணத்தில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, குளத்து நீரே அதிரும்படி என் மகள் பிரகடனம் செய்தாள்:

"எங்கப்பாதான் இந்த சைட்ட செஞ்சாரு! இப்பவே சரி பண்ணிடுவாரு, பாருங்க!"

பதினான்கு தலைகள் திரும்பின. கதவகலத் தோளர் என்னை மேலும் கீழும் அளந்தார். எடை பார்த்தார் என்றே எண்ணுகிறேன். "அந்த ஜென்மம் நீங்கதானா?" என்றார் அமைதியாக.

இனி மீட்சி ஏது? ஈரத்தரையில் சம்மணமிட்டமர்ந்து, மடிக்கணினியை மடியிலேற்றி, கைபேசியிலிருந்து இணையத்தைக் கறந்து, நாணேற்றிய வில்லாளன்போல் முதுகை வளைத்தேன். எட்டு நிமிடம் விரல்கள் இடியென முழங்கின. வியர்வை விசைகள்மேல் மழையெனப் பொழிந்தது. இரட்டையர் இருபுறமும் நின்று வாயில் விரல்வைத்துப் பார்த்தனர். இரண்டு புள்ளிப் பேராசையை அழித்தேன். சம்மதம் கேட்கும் அப்பலகையையும் வேரோடு பிடுங்கியெறிந்தேன். என் கருத்துகளுள் ஒன்றை நான் செயலாக்கியது அன்றுதான். பத்து இருபத்தைந்துக்கு அம்பு பாய்ந்தது.

"வந்துருச்சு!" என்றார் இரட்டையரின் தாய். "எனக்கும்! எனக்கும்!" என்று வரிசை நெடுகக் குரல் பரவ, கைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வெற்றிச்சங்கம் ஊதின. பொத்தான் ஒன்றே தடையாய் நின்றவர்கள் அல்லவா? ஒரு தட்டில் முடிந்தது. தாய் என் மகளின் கன்னத்தைக் கிள்ளி முத்தமிட்டார். தோளர் என் முதுகில் ஓர் அறை விட்டு, "பொழச்சீங்க தம்பி" என்று வாழ்த்தி விடைபெற்றார். வெயிலில் பனிபோல் வரிசை கரைந்தது. என் கணக்கின் பூட்டுத் திறக்க இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது. இருந்தாலென்ன, கவுன்ட்டர் இதோ எதிரில், இடையே ஈயும் இல்லை!

"அப்பா, இப்ப நாமதான் ஃபர்ஸ்ட்டு!" என்று குதித்தாள் மகள்.

பகைவரற்ற பாதையில், முழங்கால் ஈரம் சொட்ட, உலகு வென்ற மன்னனென நடந்து, சலவைக்கல் மேடையில் கையூன்றி நின்றேன். தலைக்கு மேலிருந்த பலகையை நிமிர்ந்து பார்க்க எனக்குத் தோன்றவுமில்லை, துணிவுமில்லை.

"என் பொண்ணுக்கு ஓர் இடம்."

"எல்லா விவரமும் சைட்ல இருக்கு சார்" என்றார் எழுத்தர் அம்மையார், நான் எழுதிக்கொடுத்த வாசகத்தை நிறுத்தற்குறி பிசகாமல்.

"சைட்ட செஞ்சவனே நான்தாம்மா. உங்க வாயால நேராச் சொல்லுங்க. இடம் இருக்கா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் மகளைப் பார்த்தார்.

"இல்ல சார், கடைசி இடத்த இப்பத்தான் யாரோ வீட்லேருந்து போட்டாங்க."