தயிர்க்காரரின் வலக்கன்னம்

2024 ஜூலை 9, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. வானத்தில் எட்டில் ஒரு பங்கு மேகம். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக அடித்துக் கிளிநொச்சியின் புழுதி முழுவதையும் எழுப்பி விட்டிருந்தது. அந்த நேரத்தில், அந்த வெயிலில், ஓர் அழகு நிலையத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நானும் தயிர்க்காரரும் நின்றோம். எனக்கு எழுபத்து நான்கு வயது. அவருக்கு ஐம்பத்தெட்டு. 'ஆண்களுக்கும் பேஷியல் செய்யப்படும்' என்று கதவில் ஒட்டியிருந்ததை நான் நான்கு தடவை வாசித்தேன். நான்காவது தடவையும் அது மாறவில்லை.

வன்னி முழுவதிலும், இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், தயிர்க்காரரைப் போல அசைக்க முடியாத ஒன்று கிடையாது. மாங்குளத்தில் என் வீட்டிலிருந்து ஏழாவது வீடு அவருடையது. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கக்கூடும். நாங்கள் யாரும் அதைப் பாவித்ததில்லை.

அவர் விற்பது எருமைத் தயிர், மண் சட்டியில். தயிர் கட்டி என்று வாயால் சொல்வது அவருக்குக் கௌரவக் குறைவு. வாங்குகிறவரின் தலைக்கு நேர் மேலே சட்டியைக் கவிழ்த்துப் பிடித்துப் பத்து எண்ணுவார். தயிர் விழாது. அதன் பிறகுதான் காசை வாங்குவார். என் தலைக்கு மேலே இதுவரை நாற்பத்தொரு தடவை கவிழ்த்திருக்கிறார். நாற்பது தடவை விழவில்லை. மற்றத் தடவை நான் அன்று இரண்டாவது முறையாகக் குளித்தேன்.

"ஒண்டு பிழைச்சதுக்கு இவ்வளவு கதையோ அண்ணை? நாப்பது சரி வந்ததைச் சொல்லுங்கோவன்!" என்றார் தயிர்க்காரர்.

அப்படிப்பட்ட மனிதரின் முகத்தில்தான் பிரச்சினை இருந்தது. முகம் இரண்டு நிறம். மூக்கின் நடுவால் கோடு கீறியது போல, இடக்கன்னம் மாநிறம், வலக்கன்னம் அடுப்பில் மறந்துவிட்ட சட்டியின் அடி. பல வருடமாக அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியபோதுதான் எடுத்தார்கள். மகள் முன்பள்ளி ஆசிரியை, நல்ல பிள்ளை. முதலில் பார்க்க வந்தவர்கள் தேநீர் குடித்தார்கள், பலகாரம் தின்றார்கள், சிரித்துக்கொண்டு போனார்கள். இரண்டாம் நாள் தரகர் வந்து முற்றத்தில் நின்றபடியே சொன்னார்: "தகப்பனுக்கு ஏதோ தோல் வருத்தமாம். பரம்பரையா வருமாம். வேண்டாமெண்டினம்."

அன்று பின்னேரம் தயிர்க்காரர் என்னிடம் வந்தார். நான் முப்பத்தோராண்டுகள் மழைமானி பார்த்து எழுதும் உத்தியோகத்தில் இருந்தவன். வெயில், மழை, காற்று சம்பந்தமான எதற்கும் ஊரில் என்னைத்தான் கேட்பார்கள். நான் அவரை முற்றத்தில் நிறுத்தி, சுண்ணாம்புக் கட்டியால் நிலத்தில் திசைகளைக் கீறி விளக்கினேன். காலையில் மோட்டார் சைக்கிளில் மாங்குளத்திலிருந்து வடக்கே கிளிநொச்சிக்குப் போகிறார். சூரியன் கிழக்கில், அதாவது அவருடைய வலப்பக்கத்தில். பின்னேரம் தெற்கே திரும்பி வருகிறார். சூரியன் மேற்கில், அப்போதும் வலப்பக்கத்தில். பதின்மூன்று வருடம், வருடத்துக்கு முந்நூறு நாள். வலக்கன்னத்துக்கு மூவாயிரத்துத் தொளாயிரம் நாள் வெயில், இடக்கன்னத்துக்கு ஒன்றுமில்லை. தலைக்கவசத்தின் முன்கண்ணாடியையும் 'தயிர்' என்று கூவுவதற்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருந்தார்.

"வருத்தம் இல்லை, வெயில்தான் எண்டு தரகரிட்டைச் சொல்லும்" என்றேன்.

"ஆர் நம்புவினம் அண்ணை? வெயில் ரெண்டு கன்னத்துக்கும் பொதுதானே எண்டு கேப்பினம். எல்லா வீட்டு முத்தத்திலையும் நீங்கள் வந்து சுண்ணாம்பாலை கீறுவியளோ?"

அடுத்த நாள் அவர் எடுத்த முடிவை வேறு எந்த மனிதனும் எடுத்திருக்க மாட்டான். காலையில் தெற்கே வவுனியாவுக்குப் போய், பின்னேரம் வடக்கே திரும்பி வரத் தொடங்கினார். இனி இடக்கன்னம் கருகட்டும், கணக்குச் சரிவரும் என்பது அவருடைய எண்ணம். இதற்கு நான் கீறிய கோடுகள்தான் காரணம் என்று அவருடைய மனைவி என்னோடு ஒன்பது நாள் கதைக்கவில்லை. கிளிநொச்சி வாடிக்கையாளர்கள் தயிர் இல்லாமல் தவித்தார்கள். வவுனியாவில் தலைக்கு மேல் சட்டி கவிழ்ப்பதைக் கண்ட ஒரு பெண் பொலிசைக் கூப்பிடப் போனார். பதினோராம் நாள் இடக்கன்னம் வெந்து உரிந்தது. உரிந்த தோல் விழுந்த பிறகு, அடியில் முந்தியதைவிட வெளுப்பாக ஒரு புதுக்கன்னம் வந்திருந்தது. இரண்டு கன்னத்துக்கும் இடையிலான தூரம் கூடிவிட்டது.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை ஏற்கெனவே பிள்ளையை முன்பள்ளி விழாவில் கண்டிருக்கிறான். பிள்ளைக்கும் அவனைப் பிடித்திருந்தது. தகப்பனும் தாயும் வெள்ளிக்கிழமை வருகிறார்கள்.

"வாறவை என்னைப் பாக்க வருகினமோ, உங்களைப் பாக்க வருகினமோ அப்பா?" என்று மகள் கேட்டாள்.

"உன்னைப் பாத்தாச்சு பிள்ளை. இனி என்னைத்தான் பாக்க வருகினம்" என்றார் அவர்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு. நான் துணைக்கு மட்டுமே போனேன். உள்ளே, இரண்டு பேர் சேர்ந்து வந்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம் என்று இன்னோர் அறிவித்தல் இருந்தது.

"அண்ணை, நீங்களும் இருங்கோ. பாதிக்காசை ஏன் விடுவான்?"

"எனக்கு ஏன் உதெல்லாம்? என்னை ஆர் பாக்க வருகினம்?"

"பக்கத்திலை ஆளில்லாட்டி எனக்குக் கூச்சம்."

பதின்மூன்று வருடமாக நடுத்தெருவில் கூவி விற்ற மனிதருக்குக் கூச்சம்! நான் இருந்தேன். கட்டணத்தை நான் பிரிக்கத் தொடங்கியபோது அவர் மறித்தார்: "எனக்கு ரெண்டு நிறம். முழுக்காசு நான் குடுக்கவேணும். உங்களுக்கு ஒண்டுதான், பாதியைக் குடுங்கோ."

நிலையத்தை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். மணப்பெண் அலங்காரத்துக்குப் பெயர் போனவர். தயிர்க்காரரின் தாடையைப் பிடித்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஐயா, உண்மையைச் சொல்லுறன். இவ்வளவு வருசத்து வெயில் ஒரு மணித்தியாலத்திலை போகாது. முகம் துப்புரவாகும், பளபளக்கும். அவ்வளவுதான்."

"மூண்டு நாள் இருக்கு பிள்ளை. நீ தொடங்கு."

ஆவி பிடித்தார்கள். குறுணிபோல் ஏதோ போட்டு உரசினார்கள். என் முகத்தில் இவ்வளவு ஊத்தை இருந்தது என்பதை என் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. பிறகு அந்தப் பெண் கடலை மாவைக் குழைக்கப் பிளாஸ்டிக் கோப்பை ஒன்றைத் திறந்தார். படுத்திருந்த தயிர்க்காரரின் மூக்கு விரிந்தது.

"பிள்ளை, அது என்ன?"

"தயிர் ஐயா. தோலுக்கு நல்லது."

அவர் எழும்பி உட்கார்ந்து கோப்பையை வாங்கிக் கவிழ்த்தார். தயிர் முழுவதும் தரையில். "இது தயிரே? பால்மாக் கரைச்ச தண்ணி! இதைப் பூசின மூஞ்சியோடை நாளைக்கு நான் என்னண்டு யாவாரம் செய்யிறது?"

தோளில் துவாயோடு வெளியே போய், மோட்டார் சைக்கிளிலிருந்து தன் சட்டியோடு திரும்பி வந்தார். நான் எச்சரிக்க வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணின் தலைக்கு மேலே சட்டி கவிழ்ந்திருந்தது. அந்தப் பெண் போட்ட கூச்சலுக்குப் பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்தார். பத்து எண்ணி முடிந்தது. ஒரு துளி விழவில்லை.

"உந்தத் தயிரிலை எனக்கு நாளாந்தம் ரெண்டு சட்டி தருவியளோ?" என்று அந்தப் பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

பூச்சுக் காய இருபது நிமிடம், வாய் திறக்கக் கூடாது. பதின்மூன்றாம் நிமிடத்தில் வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. பழக்கதோஷம், தயிர்க்காரர் "தயிரேய்!" என்று கூவினார். பூச்சு எட்டுத் துண்டாக வெடித்தது. "திருப்பிப் பூசு பிள்ளை" என்று மீண்டும் படுத்தார். எனக்கு வெடிக்கவில்லை, ஆனாலும் அவரோடு சேர்ந்து காத்திருந்தேன்.

அந்தப் பெண் சொன்னது போலவே நடந்தது. முகம் பளபளத்தது, இரண்டு நிறமும் தனித்தனியாகப் பளபளத்தன.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலேகாலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வந்தவர்கள் ஐந்து பேர், கதிரைகள் ஆறு. ஆறாவது கதிரையைத் தயிர்க்காரர் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டாகப் போட்டு, வலக்கன்னத்தைச் சுவருக்குக் கொடுத்து இருந்தார். நாணயத்தில் இருக்கும் ராசாவைப் போல. தேநீர் கொடுத்தபோதும் தலை திரும்பவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

மாப்பிள்ளையின் தகப்பன் வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடும் பஸ்சின் சாரதி. அவர் தயிர்க்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். தேநீரைத் தொடவில்லை.

"தரகர் தயிர்க்காரற்றை வீடு எண்டெல்லோ சொன்னவர்?"

"நான்தான்" என்றது இடக்கன்னம்.

"இல்லையே. அவரை எனக்குத் தெரியும். பதினொரு வருசமா நாளாந்தம் பாக்கிறன். நீங்கள் அவரில்லை." அவர் எழும்பிவிட்டார். "ஆளை மாத்திக் கதைக்கிற இடத்திலை எங்களுக்குச் சம்பந்தம் வேண்டாம்."

மற்ற நான்கு பேரும் எழும்பினார்கள். தயிர்க்காரரின் கழுத்து நரம்பு புடைத்தது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. திரும்பினாலும் போச்சு, திரும்பாவிட்டாலும் போச்சு. அப்போது மகள் குசினிக்குள் இருந்து வந்தாள். "காணும் அப்பா, போதும்" என்று சொல்லி, கதிரையின் முதுகைப் பிடித்துத் தகப்பனோடு சேர்த்து ஒரே இழுவையில் திருப்பினாள்.

சாரதி வாயைப் பிளந்தார்.

"அட, இந்தக் கன்னம்! இதைத்தானே நான் தேடினனான்! பஸ்சிலை பின்னாலை வந்து உங்கடை சைக்கிளை முந்தேக்கை வலக்கன்னம்தானே எனக்குத் தெரியிறது. மற்றக் கன்னத்தை இண்டைக்குத்தான் காணுறன்!"

பிறகு அவர் யன்னல் வெளிச்சத்துக்குப் போய்த் தன் முகத்தைத் திருப்பிக் காட்டினார். சாரதி இருக்கை வலப்பக்கம், காலையில் வடக்கே, பின்னேரம் தெற்கே. அதே கருகல், அதே கோடு. "என்ரை மனுசி சொல்லுறவா, பாதி புருசன், பாதி பஸ் எண்டு."

வாசலோடு நின்ற நான் சுண்ணாம்புக் கட்டியை வேட்டி மடியில் தயாராக வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

ஆவணியில் கல்யாணம். அதற்கு நான்கு நாள் முன்பு நான் தனியாகக் கிளிநொச்சிக்குப் பஸ் ஏறினேன். தயிர்க்காரருக்குச் சொல்லவில்லை. அந்தப் பெண் பூசியது அவருடைய தயிர்தான். உதட்டோரம் பட்டதை நக்கிப் பார்த்து அறிந்துகொண்டேன்.

கல்யாணப் படத்தில் அவர் இரண்டு கன்னத்தையும் காட்டிக்கொண்டு நேரே பார்க்கிறார். அவருக்கு வலப்பக்கத்தில் பளபளத்துக்கொண்டு நிற்பது நான். கூடப் பிறந்த அண்ணன் நிற்க வேண்டிய இடம் அது. "அதிலை நீங்கள்தான் நிக்கவேணும்" என்று அவர் சொன்ன பிறகு, பழைய முகத்தோடு போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டாம் தடவை தனி ஆள், கழிவு கிடையாது. முதல் தடவை ஆயிரத்து எழுநூற்றைம்பது, பிறகு மூவாயிரத்து ஐந்நூறு. ஆக, ஐயாயிரத்து இருநூற்றைம்பது ரூபா.