அணையாத மடிக்கணினியும் பதினோரு ஆணைகளும்

ஒரு மடிக்கணினியை அணைக்க மனிதன் இவ்வளவு பாடுபட வேண்டுமா என்று வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் பாபநாசம் நொந்துகொண்டார். அவர் புள்ளியியல் அலுவலகக் கண்காணிப்பாளர். மாவட்டத்தில் எத்தனை ஆடு, எத்தனை கிணறு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எதிரே இருக்கும் இயந்திரம் ஏன் அணைய மாட்டேன் என்கிறது என்பதற்கு மட்டும் அவரிடம் விவரம் இல்லை.

குற்றம் முழுவதும் இயந்திரத்தின் மேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூரில் மைத்துனன் நடராஜ் கட்டிய புது வீட்டில் பால்காய்ச்சு. முகூர்த்தம் விடியற்காலை நாலரை. நடராஜ் விருந்தாளிகளைச் சும்மா விடமாட்டான். செங்கல் இறங்கிய நாளில் ஆரம்பித்து மொட்டைமாடித் தண்ணீர்த்தொட்டி வரை கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். இதிலிருந்து தப்ப பாபநாசம் தமக்குத் தாமே ஓர் அலுவலக ஆணை தட்டச்சு செய்தார். 'ஞாயிறன்று சிறப்புக் கணக்கெடுப்புப் பணிக்குத் தவறாது வருகை தர வேண்டும்.' 'பார்வை' என்ற இடத்தில் இரண்டு கடித எண்கள், நகல் மூவருக்கு. பொய்யாக இருந்தாலும் முறைப்படி இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அச்சுக்குக் கொடுத்தார். அச்சுப்பொறி அசையவில்லை. மறுபடி கொடுத்தார். மறுபடியும். வரம் தராத சாமியிடம் முறையிடுவதுபோல் தட்டிக்கொண்டே இருந்தார். அதற்குள் மனைவி பிரம்மநாயகியின் கால் சத்தம். ஆணை இருந்த கோப்பை அழித்தார், கணினியை அணைத்தார். 'அணைகிறது' என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டு அது ஒரு வட்டத்தைச் சுற்றவிட்டது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பட்டென்று மூடியைச் சாத்தினார்.

"அதுக்குள்ள என்னமோ உறுமுதே?" என்றாள் பிரம்மநாயகி.

"காத்தாடி. சூடு ஆத்துது."

"அதுக்கு ஏன் உங்களுக்கு வேர்க்குது?"

அவள் அடுப்படிக்குப் போனதும், அலுவலகக் கணினி இயக்குபவர் கிருபைராஜை போனில் பிடித்தார்.

"அண்ணாச்சி, பிரிண்டருக்கு ஏதும் குடுத்தியளா? வேலை பாக்கி கெடந்தா செலசமயம் இப்படித்தான் நிக்கும்."

"சேச்சே! ஒண்ணும் குடுக்கல வே."

வைத்தியரிடமும் கணினிக்காரரிடமும் பொய் சொல்பவர்களுக்கு இரண்டே வழிதான். ஒன்று உண்மை வெளிவரும். அல்லது நோய் முற்றும். பாபநாசத்துக்கு இரண்டும் வாய்த்தன.

"அப்பம் பவர் பட்டன பத்து எண்ணுத வரைக்கும் அமுக்கிப் பிடிங்க."

பிடித்தார். திரை இருண்டது. அவர் விட்ட பெருமூச்சு முடிவதற்குள் கணினி தானாகவே கண்ணை முழித்தது. திரும்பவும் அணைத்தார். திரும்பவும் வட்டம்.

அப்போது பிரம்மநாயகி கையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளுடன் வந்தாள். "இந்த மெஷின்ல இருந்த தாள மத்தியானம் நாந்தான் எடுத்தேன். தம்பி வீட்டுக்கு முறுக்கு சுட்டேன்லா, எண்ணெ வடியப் போட்டேன். மிச்சத்த வச்சிருதேன்."

"வேண்டாம்! நான் வைக்கேன்! அப்புறம் பைய வச்சுக்கிடலாம்!"

அதற்குள் வைத்துவிட்டாள். அச்சுப்பொறி ஒரு செருமல் செருமியது. ஒரு தாள் வந்தது. இன்னொன்று வந்தது. பதினோராவது தாள் தரையில் விழுந்ததும், வந்த வேலை முடிந்ததுபோல் மடிக்கணினி சத்தமில்லாமல் அணைந்தது.

பிரம்மநாயகி ஒன்றை எடுத்து நிதானமாக வாசித்தாள்.

"ஒரு ஆளுக்குப் பதினோரு ஆர்டரா போடுவாவ?"

"அவசரம்னா அப்படித்தான்."

"நம்ம வீட்டு மெஷின்லயே அடிச்சு அனுப்புதாவளோ?"

பாபநாசம் ஆட்டுக் கணக்கை மறந்த முகத்தோடு நின்றார். இடி இறங்கப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். இறங்கவில்லை.

"நல்லதாப் போச்சு," என்றாள் அவள். "இத எப்படிச் சொல்லன்னு நாலு நாளா முழிச்சிட்டிருந்தேன். நீங்க வரவேண்டாம்னு தம்பியே சொல்லிட்டான்."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. பொய் பிடிபட்டும் தண்டனை இல்லை, பயணமும் இல்லை. ஆனந்தமாக நாற்காலியில் சாய்ந்தார். சாய்ந்தவர் நிமிர்ந்தார்.

"வரவேண்டாம்னானா? ஏன்?"

"போன தடவ தம்பி வீட்டுக் காதுகுத்துல, பத்திரிகையில பதினாலு பிழைன்னு பந்தியில ஒவ்வொரு எலையா போயிச் சொன்னியள்லா? அதான்."

"பதினஞ்சு!" பாபநாசம் எழுந்தே விட்டார். "நான் அக்கா மாப்பிள்ளைலா! என்ன வரவேண்டாம்னு சொல்ல அவன் யாரு?"

"விடுங்க. உங்களுக்குத்தான் ஆர்டர் இருக்கே."

"ஆர்டர நான் ரத்து பண்ணுதேன்!" பதினொன்றையும் ஒன்றாக அடுக்கி நாலாகக் கிழித்தார். "நாளைக்கு மத்தியான பஸ்ஸுக்கே கெளம்புதோம். எனக்குப் பட்டு வேட்டிய எடுத்து வை."

"உங்க இஷ்டம். நான் சொன்னா கேக்கவா போறிய?" என்று சலித்துக்கொண்டே போனாள் பிரம்மநாயகி.

சனிக்கிழமை சாயங்காலம் திருச்செந்தூரில் இறங்கியபோது, கேட்க வேண்டிய கேள்விகளை பாபநாசம் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். முதல் கேள்விக்கு வாய் திறக்குமுன் நடராஜ் ஓடி வந்து அவர் பையை வாங்கிக்கொண்டான்.

"வாங்க அத்தான்! நாளைக்கு நீங்கதான் அடுப்பப் பத்த வைக்கணும். வேற ஆளுக்குச் சொல்லவே இல்ல."

பாபநாசத்தின் நெஞ்சிலிருந்து ஒரு பாறை உருண்டு விலகியது. ஆனாலும் முறைப்பை விடவில்லை. "நான் வரவேண்டாம்னு சொன்னியாமே?"

"நானா?" நடராஜ் திகைத்தான். பிறகு, பின்னால் முறுக்குத் தூக்குவாளியுடன் வந்த அக்காளைப் பார்த்துச் சிரித்துவிட்டான்.

"அத்தான எப்படியாவது கூட்டிட்டு வந்துருன்னு நான் நாலு நாளா போன்ல கெஞ்சுதேன். அக்காதான் சொன்னா, 'நீ சும்மா கெட, வரவேண்டாம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், ஒரு நாள் முந்தியே வந்து நிப்பாவ'ன்னு!"