ஐஸ் பிளான்ட்டில் அனல்

கம்ப்ரசர் மறுபடி நின்றது.

"நின்னுருச்சா?" என்றார் காஜா நவாஸ். ராமேஸ்வரத்தில் அந்தச் சின்ன ஐஸ் பிளான்ட் அவருடையது.

"நின்னுருச்சு பாய்," என்றான் மெக்கானிக் வேல்ராஜ். "பிரஷர் ஏறுனா தானா நின்னுரும். நிக்கலேன்னா வெடிச்சிரும்."

"விடிஞ்சா போட்டெல்லாம் கடலுக்குப் போவுது. ஐஸு பாதிதான் உறைஞ்சிருக்கு. எல்லாரும் பாம்பன்ல வாங்கிக்கிருவாங்க. அப்பறம் உனக்கு இங்கன வேலை இல்ல, பாத்துக்க."

வேல்ராஜ் மாடிக்கு ஓடினான். சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் அங்கே இருந்தது. மெஷினோடு அதன் ஃபேனும் நின்றிருந்தது. அதில் காற்று அடைபட்டால் பிரஷர் ஏறும். அடைப்பு எதுவும் இல்லை. இருந்தும் பிரஷ் போட்டுத் தேய்த்தான். வியர்வையில் சட்டை நனைந்தது.

ஒட்டியிருந்த லாட்ஜ் மாடியில், அங்கே வேலை பார்க்கும் சேதுலட்சுமி நின்றாள். கையில் தீர்த்தமாடி வந்தவர்களின் ஈர வேட்டி, சேலைகள். மூன்று நாளாக வெயில் இல்லை.

"சட்டையைத் தாங்கண்ணே, காய வச்சுத் தாரேன்."

"வெயில் எங்க இருக்கு?"

"தாங்கண்ணே."

பனியனோடு இறங்கி சுவிட்சைப் போட்டான். பிரஷர் முள் ஏறியது. மெஷின் நின்றது.

"கேஸு பத்தலையோ?" என்றார் பாய்.

"அதான் பாய்," என்றான் வேல்ராஜ். ஏதாவது சொல்ல வேண்டுமே.

குளிரூட்டும் கேஸ் ஒரு சிலிண்டர் ஏற்றினான். திரவமான கேஸ் வந்து தங்கும் ரிசீவர் தொட்டி கழுத்துவரை நிறைந்தது. முள் முன்னைவிட வேகமாக ஏறியது. மெஷின் நின்றது.

மறுபடி மாடிக்கு ஓடினான். கண்டென்சர் முன்னால் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் சேதுலட்சுமி வேட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், செய்யக் கூடாததைச் செய்தான். மெஷின் தானாக நிற்க வேண்டிய பிரஷர் அளவைக் கூட்டி வைத்தான். நிற்காமல் ஓடியது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் பாய்.

'புஸ்ஸ்ஸ்' என்றது ரிசீவரின் பாதுகாப்பு வால்வு. ஏற்றிய கேஸ் ஏறிய வேகத்தில் வெளியேறியது. வேல்ராஜ் பாய்ந்து மெஷினை அணைத்தான். பாய் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

வாசலில் சேதுலட்சுமி வந்து நின்றாள். "இந்தாங்கண்ணே சட்டை."

இஸ்திரி போட்டதுபோல் சூடாக இருந்தது.

"எங்கனம்மா காய வச்ச?"

"உங்க ஃபேன்லதாண்ணே. லாட்ஜுத் துணி பூராம் அதுலதான் கட்டுறேன். மெஷின் நின்னா காத்து வராது, உடனே அவுத்துருவேன்," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா ஒரு சூடு வச்சீங்களே, அதையே வச்சிருங்கண்ணே. நாலு மெத்தை காயணும்."