ரெண்டாள் பாஸ்

கல்முனையில் வீடு கட்டிய எவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய மேசன் இந்தக் கரையோரம் முழுக்க ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் அவர் வேலைக்கு இரண்டு பேராக வருவார்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மேசனைப் பாஸ் என்பது எங்கள் வழக்கம்; ஊருக்கு அவர் ரெண்டாள் பாஸ்.

புயலில் தென்னை முறிந்து எங்கள் புது வீட்டின் கூரையில் விழுந்தபோதுதான் அவர் எனக்குத் தேவைப்பட்டார். மகளுக்கென்று கடற்கரைப் பக்கம், எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் கட்டிய வீடு அது. நிக்காஹ் பேசி முடித்தாயிற்று. வீட்டைக் கையில் கொடுக்காமல் மாப்பிள்ளையை அழைக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. நல்லவேளையாக, வங்கிக் கடன் எடுத்தபோது வீட்டுக்கு இன்சூரன்ஸும் போட்டிருந்தோம்.

முதலில் வந்த கொன்ராக்டர் மடிக்கணினியில் எங்கள் வீட்டையே பம்பரம் போலச் சுழற்றிக் காட்டியவர். மறுநாளே ஆட்களோடு வந்தார். உடைந்த கூரைச் சீற், உடையாத சீற், முறிந்த மரம் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றினார். போனார். போனவர் போனவர்தான். அதன்பிறகு அவருடைய தொலைபேசியில் ஒரு பெண் குரல் மட்டும் மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு அழைத்தேன். "சேதத்தக் கண்ணால பாக்காம நாங்க என்னெண்டு குடுக்கிற?" என்றார்கள். காட்டுவதற்கு மிச்சமிருந்தது வானம் மட்டும்தான்.

என் பாமசிக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் சொல்லித்தான் ரெண்டாள் பாஸ் வந்தார். ஒல்லியான உடம்பு, மடித்துக் கட்டிய சாரன். வீட்டைச் சுற்றி நடந்தார். அண்ணாந்து பார்த்துத் தலையாட்டினார். விலை சொன்னார். கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்.

"காக்காட்ட ஒரு சொல்லு கேக்கணும், முதலாளி."

அண்ணனைத்தான் நாங்கள் காக்கா என்போம். சுவரோரம் போய்க் குசுகுசுவென்று கதைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார். "எனக்கெண்டா குறைக்கலாம். காக்கா ஒப்புறாரில்ல."

"எங்க உங்கட காக்கா?"

"மேல நிக்காரு."

மேலே ஒரு காகம்கூட இல்லை. பேரம் பேச இப்படியொரு தந்திரத்தை எந்த வியாபாரியிடமும் நான் கண்டதில்லை என்று உள்ளுக்குள் மெச்சிக்கொண்டேன். அன்று பின்னேரம்தான் என் மனைவி பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்து, வாசலிலேயே நின்று சொன்னாள்: "இஞ்ச பாருங்க, அந்த மனுசன்ட காக்கா மௌத்தாகிக் கன வருசமாம்."

இறந்தவரோடு சேர்த்து இரண்டு பேருமாக வேலை தொடங்கியது. முதல் நாள் மனைவி ஒரு கோப்பை பிளேன்டி கொண்டுபோனாள். பாஸ் வாங்கவில்லை. "காக்காக்கு?" என்றார். இரண்டாவது போனது. "இவருக்குச் சீனி போடாதீங்க ராத்தா, சீனி வருத்தம்" என்றார்.

"மௌத்தானவருக்கு என்ன சீனி வருத்தம்?" என்று குசினிக்குள் வந்து பொரிந்தாள் மனைவி. ஆனாலும் மறுநாளிலிருந்து சீனி போடாமல்தான் ஊற்றினாள். இரண்டு கோப்பையும் வெறுமையாகத் திரும்பி வந்தன. இரண்டையும் பாஸே குடிக்கிறார் என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

எனக்குச் சிரிப்பு நின்றது ஒரு மத்தியானத்தில். சாப்பிட வந்தவன் முற்றத்தில் அப்படியே நின்றுவிட்டேன். கடல்கூடச் சத்தமில்லாமல் கிடந்த நேரம். மேலே சுவரில் பூச்சுக் கரண்டி தேய்க்கிற ஓசை கேட்டது. ஒரு கரண்டி வேகமாகப் போனது. இன்னொன்று ஆறுதலாக, இழுத்து இழுத்துப் போனது. வேகமானது நின்ற பிறகும் மற்றது கொஞ்சநேரம் ஓடி, பிறகு நின்றது. ஏணியில் ஏறிப் பார்த்தேன். பாஸ் தனியே குந்தியிருந்து பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். அவர் முன்னால் ஒரேயொரு கரண்டி. உச்சி வெயிலில் என் பிடரி குளிர்ந்தது.

அன்று அஸர் தொழுகை முடிந்ததும் எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தாடியைத் தடவினார். "மௌத்தானவங்க வந்து சீமெந்து பூசுறல்ல. ஜின்னா இரிக்கும்." பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "வேல சுத்தமா?"

"சுத்தம், ஹஸ்ரத்."

"எங்கட குசினியும் ஒழுகுது. முடிஞ்சோன்ன ரெண்டு பேரையும் அனுப்பி விடுங்க."

ஒருநாள் வேலை நின்றுபோயிருந்தது. பாஸ் சீமெந்துப் பைகளின்மேல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன பாஸ்?"

"காக்கா கதைக்கிறாரில்ல. காலையில பலகையத் தட்டிப் பாக்காம ஏறிட்டன். அதுக்குக் கோவம்."

அப்போதுதான் சொன்னார். கோமாரி ஊரில் ஒரு வீட்டு வேலை. இவர் தேத்தண்ணி குடிக்கக் கடைக்குப் போன நேரம், காக்கா நின்ற சாரப் பலகை புரண்டது; விழுந்தவர் எழும்பவில்லை. "நான் கட்டின பலகை முதலாளி. நான்தான் கட்டினன்." அதன்பிறகு ஒரு வருடம் கரண்டியைத் தொடவில்லையாம். தொட்ட முதல் நாளே பின்னாலிருந்து காக்காவின் கரண்டி கேட்டதாம். அன்றிலிருந்து எந்த முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்க்காமல் விட்டதில்லை. ஊர் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதன் கதை அதுதான்.

அண்ணாந்து, வெறும் கூரை மரங்களைப் பார்த்துச் சொன்னேன்: "காக்கா, தம்பி தெரியாமச் செஞ்சிட்டாரு. எனக்காக மன்னிச்சிருங்க."

குசினி ஜன்னலில் என் மனைவியின் முகம் தெரிந்தது. என்னையும் ஜின் பிடித்துவிட்டதா என்ற பார்வை. பாஸ் காதைச் சாய்த்துக் கேட்டார். எழுந்து சாரனை மடித்துக் கட்டினார்.

"சரியெண்டாரு."

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் அதிகாரி வந்தார். அம்பாறையிலிருந்து வந்த இளைஞர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் கெமரா. நானும் பாஸும் பின்வளவில் மண் அரித்துக்கொண்டிருந்தோம். "நீங்க வேலயப் பாருங்க, நான் மேல போய்ப் பாக்கிறன்" என்று ஏணியில் ஏறிவிட்டார். ஓடிப்போன கொன்ராக்டர் சேதத்தின் அடையாளம் எதையும் விட்டுவைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். மகளின் நிக்காஹ் தள்ளிப்போவதை மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்று வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி இறங்கி வந்தபோது முகத்தில் திருப்தி. "போதும். தென்னை அடிச்ச இடத்துல பீம் வெடிச்சிருக்கு, முகட்டுக்குள்ள முறிஞ்ச துண்டு ஒண்டும் செருகிக் கிடக்கு. எல்லாம் படம் எடுத்திட்டன். மேல நிண்ட பெரியவர் காட்டாட்டி எனக்குத் தெரிஞ்சிராது."

"எந்தப் பெரியவர்?"

"வெள்ளத் தொப்பி போட்டவர். கதைக்கல்ல, கையாலதான் காட்டினார். வலக்கையில ஒரு விரல் இல்ல."

நான் பாஸின் கைகளைப் பார்த்தேன். மண்வெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் முழுசாக இருந்தன. மண்வெட்டி கீழே விழுந்தது. அவர் அதிகாரியின் முன்னால் போய் நின்றார்.

"சேர், அவர்ர முகம் எப்பிடி இரிந்த?"

அதிகாரி குழம்பிப்போனார். "ஏன்?"

"சொல்லுங்க சேர். நோவோட இரிந்தாரா?"

"இல்லையே. சிரிச்சிட்டுத்தான் நிண்டார்."

பாஸ் மண் குவியலில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதார். "எனக்குச் சத்தம் மட்டும்தான் முதலாளி கேக்கிற. ஒருநாளும் என்ட கண்ணுக்குக் காட்டல்ல."

கேற்றடியில் அதிகாரி என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அவர் ஏன் அழுறார்?"

"காக்காவக் கண்டு கனகாலம்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் போன பிறகு நான் ஏணியில் ஏறவில்லை. பீமில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இல்லை. இன்சூரன்ஸ் கிடைத்தது. குறித்த நாளில் நிக்காஹ் நடந்தது. அன்று பந்தியில் பாஸுக்குப் பக்கத்து இடத்தை யாரும் சொல்லாமலே விட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

போன மழைக்கு மகளின் வீட்டுக் குளியலறைப் பக்கம் ஒழுக்கு. பாஸை அழைத்தேன்.

"முழங்கால் நோவு முதலாளி. ஏணி ஏற ஏலா." கொஞ்சம் யோசித்தார். "காக்காவ மட்டும் அனுப்பட்டா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமும் வரவில்லை.

"அனுப்புங்க பாஸ்" என்றேன். பிறகு மகளுக்கு அழைத்து, இன்று கேற்றைப் பூட்ட வேண்டாம், நம்முடைய ஆள் ஒருவர் வருவார் என்று சொன்னேன்.