அத்தா ஆற்றிய ரத்தம்

படித்த படிப்புக்கும் புத்திக்கும் சம்பந்தமே கிடையாது என்பதற்கு நானே சாட்சி. இயந்திர இதயப் பம்புகளைச் சோதிப்பது என் வேலை. பலவீனமான இதயத்துக்குத் துணையாக வைக்கும் சின்னப் பம்ப், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ரத்தம் தள்ளுகிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். (நிஜ ரத்தம் இல்லை, பயப்படாதீர்கள். தண்ணீரில் கிளிசரினும் சிவப்புச் சாயமும் கலந்தது.)

எங்கள் பம்ப் அடுத்த கட்டத்துக்குப் போகலாமா என்று முடிவு செய்ய, டாக்டர்கள் குழு கொடைக்கானல் ஓட்டல் ஒன்றில் கூடியது. மூன்று வருட உழைப்பு. "எங்க ஊருதான் சார், எல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று மதுரை ஆபீஸில் அளந்துவிட்டு வந்தேன். சேலைக்குப் பொருத்தமான ஸ்வெட்டரை மறக்காமல் எடுத்தேன். திரவத்தை உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் ஹீட்டரை மறந்துவிட்டேன்.

டிசம்பர் குளிரில் திரவம் கெட்டித்துப்போனது. ஐந்து லிட்டர் காட்ட வேண்டிய மீட்டர் மூன்றைத் தாண்டவில்லை. டாக்டர்கள் கீழே இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் அத்தாவுக்கு (எங்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போன் போட்டேன்.

பத்தே நிமிடத்தில் அடுப்பும் பால் சட்டியும் டீ ஆற்றும் மக்குகளுமாக வந்துவிட்டார். ஆனால் கடைப் பழக்கத்தில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கிவிட்டார். "முப்பத்தேழு டிகிரிக்கு வெரசா எறக்கணும்த்தா" என்று சொல்லிவிட்டு, டாக்டர்களை வரவேற்க வாசலுக்கு ஓடினேன்.

திரும்பி வந்தால், அத்தா ஒரு மக்கைத் தலைக்கு மேலே தூக்கி, இன்னொன்றை இடுப்பளவில் பிடித்து, சிவப்புத் திரவத்தை இரண்டு முழத்துக்கு ஆற்றிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் வாய் பிளந்து நின்றார்கள். தெர்மாமீட்டர் சரியாக முப்பத்தேழு. அந்தச் சந்தோஷத்தில், மேலே மூன்று விரல் நுரை நிற்பதைக்கூடப் பார்க்காமல் எடுத்து ஊற்றினேன். பம்ப் காற்றைக் குடித்து முனகியது, அலாரம் அலறியது, மீட்டர் பூஜ்யத்தில் படுத்தது. ரத்தத்தில் காற்றுக் குமிழி போனால் உயிருக்கே ஆபத்து. இது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம்.

"இவ்வளவு நுரையா! இதை ஆத்துன இவர் யாரும்மா?" என்றார் தலைமை டாக்டர்.

அந்த ஒரு நொடி, இவர் யாரோ என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். இன்றைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

"நான்தாங்க ஆத்துனேன். டீ மாஸ்டருங்க. புள்ள மேல தப்பு இல்லைங்க" என்றார் அத்தா.

அதற்கு மேல் தாங்கவில்லை. இவர் என் அத்தா, தப்பு முழுக்க என்னுடையது என்று ஹீட்டர் கதை முழுவதையும் சொல்லி, நுரை அடங்க ஒரு மணி நேரம் கேட்டேன். அந்த ஒரு மணி நேரமும் அத்தா எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தார். தலைமை டாக்டர் இரண்டு கிளாஸ் குடித்தார். பிறகு பதமாகச் சூடாக்கி ஓட்டினோம். மீட்டர் ஐந்துக்கு வந்து நின்றது. பம்ப் அடுத்த கட்டத்துக்குப் போனது.

எங்கள் சோதனைக்கூடக் கையேடு முழுக்க ஆங்கிலம். அதில் ஒரே ஒரு வரி மட்டும் தமிழில் இருக்கிறது: 'திரவத்தை டீ மாதிரி ஆற்றக் கூடாது.' அத்தா அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறார். யாராவது கேட்டால், "இந்த ரூல் எனக்குன்னே போட்டதுங்க" என்பார், டீயை ஆற்றிக்கொண்டே.