சங்கத்துப் பக்கமும் சமையல்கட்டுக் குழாயும்

கிட்ட வந்து உட்காருங்க. சத்தமாச் சொல்ற கதை இல்லை இது. சம்பந்தப்பட்டவர் அடுத்த வீட்டில்தான் இருக்கார். காது வேற ரொம்பக் கூர்மை.

குழாய் வேலை செய்கிறவர். தெருச் சங்கத்துக்குச் செயலாளரும் அவரே. செல்போனில் சங்கத்துக்கென்று ஒரு பக்கம் உண்டு, அதன் பாஸ்வேர்டு அவரிடம்தான். அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும், அவர் முகம்தான். தெருவிளக்கு மாற்றினால் விளக்குக்கு முன்னால் அவர். மரக்கன்று நட்டால் கன்றை மறைத்துக்கொண்டு அவர். ‘இன்று தண்ணீர் வராது’ என்ற அறிவிப்பு, தண்ணீர் நின்று திரும்ப வந்தபிறகு வரும். காலை வணக்கம் மட்டும் சூரியனுக்கு முன்னாடியே வந்துவிடும். யாராவது கேள்வி கேட்டால், கேள்வியையே அழித்துவிடுவார்.

சங்கத் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். ஒருநாள் கறாராகச் சொல்லிவிட்டார்: “அடுத்த கூட்டத்துக்குள்ள பக்கம் உருப்படணும். இல்லைன்னா மருந்துக்கடைக்காரர்கிட்ட குடுத்துடுவோம்.”

மருந்துக்கடைக்காரரிடமா! அந்தப் பக்கம் இல்லாவிட்டால் தெருவில் நம்ம ஆளை யார் நிமிர்ந்து பார்ப்பார்கள்? வீட்டுக்கு வந்ததும் காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

“இன்னியிலேருந்து நான் புது மனுஷன். பக்கத்துக்கு விதி போடப்போறேன். யார் என்ன கேட்டாலும் அன்னிக்கே பதில்.”

“யார் கேட்டாலுமா?”

“யாரா இருந்தாலும்! கேள்வியை அழிக்க மாட்டேன், என் பதிலையும் அழிக்க மாட்டேன். சொன்னா சொன்ன வேலை நடக்கணும். படத்துல வேலைதான் தெரியணும், முகம் கூடாது.”

“உங்க முகம்கூடவா?”

கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். “என் முகம்கூட.”

“அடேங்கப்பா! அடுத்தவங்க வீட்டைப் படம் எடுக்கணும்னா?”

“வீட்டுக்காரங்களைக் கேட்டுட்டுத்தான்.”

“பேரைச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படுறவங்க என்னங்க செய்வாங்க?”

தொடையில் தட்டினார். “பேர் போடாமலும் கேட்கலாம்னு போட்டுடறேன்! ஏம்மா, இவ்வளவு மூளையை இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தே?”

“சமையல்கட்டுலதான். குழாய் ஒழுகுற சத்தத்துல உங்களுக்குக் கேட்கலை.”

“பார்க்கலாம், பார்க்கலாம்.” அந்தப் பார்க்கலாமுக்கு நரையே விழுந்துவிட்டது. “என் நீல பனியன் எங்கே?”

“நல்ல காரியத்துக்குப் போயிருக்கு.”

விதிகளைப் போட்டார். தெருவே மெச்சியது. மறுநாளே பேர் இல்லாமல் ஒரு கேள்வி, கூடவே ஒரு படம். படத்தில் கிட்டத்தில் எடுத்த ஒரு குழாய், அதன் கழுத்தில் ஒரு துணிக்கட்டு, கீழே வாளி. ‘வீட்டில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. தண்ணீர் வீணாகிறது. சங்கம் ஏதாவது செய்யுமா?’

அவருக்குத் தலைகால் புரியவில்லை. “இங்க வா, பாரு! குழாய்க்குக் கட்டுப் போட்டு வெச்சிருக்காங்க! இது என்ன, சுளுக்கா?”

“பாவங்க அந்தப் பொம்பளை.”

“பாவம்தான். இதோ எழுதறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கமே நேரில் வரும். கூலி கிடையாது.” எழுதியவர் சிரித்தார். “ஆமா, அந்த வீட்டுல ஆம்பளை யாரும் இல்லையா?”

“அதையும் எழுதுங்களேன். தெருவுக்கே தெரிய வேண்டிய கேள்விதானே.”

எழுதினார். தெரு விழுந்து விழுந்து சிரித்தது. மருந்துக்கடைக்காரர்கூட கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அப்புறம் கேட்டவரிடமிருந்து பதில் வந்தது:

‘இருக்கார். சங்கத்துக்குச் செயலாளராக இருக்கார்.’

அவர் படத்தை விரலால் இழுத்துப் பெரிசாக்கினார். கட்டின துணி நீலம். தோள் பக்கம் தெரிந்த கிழிசலும் பழகின கிழிசல்.

“என் பனியன்!”

மனைவி தன் போனை மெதுவாகக் கீழே வைத்தாள். அவர் விரல் அழிக்கிற பொத்தானைத் தேடி ஓடியது.

“ம்ஹும். விதி,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வந்தார், மருந்துக்கடைக்காரர் வந்தார், பாதித் தெரு வந்தது. சமையல்கட்டில் நிற்க இடமில்லை. வாளியை மருந்துக்கடைக்காரர்தான் பிடித்துக்கொண்டார், அப்படி ஒரு சந்தோஷம் முகத்தில். நம்ம ஆள் பழைய வாஷரைக் கழற்றிப் புதுசு போட்டார். ஆறட்டும் என்று தலைவர் வைத்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“இதுக்கா இத்தனை நாள்?” என்றாள் அவள்.

தலைவர் தொண்டையைக் கனைத்தார். “விதி நல்ல விதி. பக்கம் இந்த வீட்டிலேயே இருக்கட்டும்.”

நம்ம ஆள் மருந்துக்கடைக்காரரைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள்! தலைவர் இன்னும் முடிக்கவில்லை. “பாஸ்வேர்டை மட்டும் அம்மாகிட்ட குடுத்துடுங்க.”

கொடுத்தார். வேறென்ன செய்வார்? ஆனாலும் ஆசை விடவில்லை. தலையைக் கோதிக்கொண்டு குழாய் பக்கத்தில் போய் நின்றார். “சரிம்மா, பக்கத்துக்கு ஒரு படம் எடு.”

“வீட்டுக்காரங்களைக் கேட்டீங்களா?”

“…எடுக்கலாமா?”

“தாராளமா.” போனைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். “கொஞ்சம் தள்ளுங்க.” தள்ளினார். “இன்னும் கொஞ்சம்.” தள்ளினார். “இன்னும்.”

அவர் சமையல்கட்டு வாசலைத் தாண்டி வெளியே போனதும், அவள் குழாயை மட்டும் படம் எடுத்து, பக்கத்தின் உச்சியில் போட்டு, கீழே எழுதினாள்: ‘அடுத்தது, குளியலறை.’